கிரான் சேற்றில் தெரியாத நிறம்

வாகன இறக்குமதிக்குப் பூட்டியிருந்த கதவை அரசாங்கம் திறந்துவிட்டது. நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த காட்சியறையில் மறுபடியும் புதுக் கார்கள் வந்து நிற்கின்றன. அங்கே இப்போது முகாமையாளராக இருப்பவர், என் காலத்தில் வரவேற்பு மேசையில் இருந்த பெண். போன மாதம் தொலைபேசியில் அழைத்து, புதுக் காருக்கு எந்த நிறம் நல்லது என்று வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். மட்டக்களப்பில் இதைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர் இல்லையாம். புகழ்ந்தால் வழுக்கி விழுகிற ஆள்தான் நானும். சரி என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு கிழமையாக எழுதிக் கிழித்தேன். ஒரு நிறத்தைத் தொடாமல் மற்ற நிறங்களை எழுத எனக்கு வரவில்லை. அந்த ஒன்றை எழுதினால் அவர் இதை எந்த வாடிக்கையாளர் கையிலும் கொடுக்க மாட்டார். தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

அவர் கேட்டதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். வெள்ளை வெயில் தாங்கும், திரும்ப விற்கும்போது கை கொடுக்கும். கறுப்பு வாங்கிய அன்று மாப்பிள்ளை, மறுநாள் முதல் கழுவிக் கழுவியே கை தேயும். சிவப்பு எங்கள் வெயிலில் ஐந்தாறு வருடத்தில் மங்கும். வாவிக் காற்றின் உப்பு எந்த நிறத்துக்கும் பட்சபாதம் பார்ப்பதில்லை. ராசி நிறம் பார்த்து வருகிறவர்களோடு வாதாடக் கூடாது. கணவனும் மனைவியும் வந்தால் மனைவி கடைசியாகப் பார்த்த நிறத்தைத்தான் வாங்குவார்கள். இவ்வளவுதான். இதை அறிய என்னிடம் வரத் தேவையில்லை.

வேலைக்குச் சேர்ந்து முதல் இரண்டு வருடம் கார் கழுவினேன், கோப்பு அடுக்கினேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. மூன்றாம் வருடம் என்னைப் பீலிக்ஸ் மாஸ்டரின் கீழ் விட்டார்கள். மாஸ்டர் நகரத்துப் பறங்கியர், போர்த்துக்கீச வழிவந்தவர். வெள்ளைச் சட்டையை முழுக்கையாகப் போட்டு மணிக்கட்டில் பொத்தான் பூட்டியிருப்பார். காற்சட்டைப் பையில் நான்காக மடித்த கைக்குட்டை. வாடிக்கையாளர் நிற்கும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நத்தார் பண்டிகைக்கு வயலின் வாசித்துக்கொண்டே ஆடுகிற மனிதர், காட்சியறைக்குள் சிரிக்கவே மாட்டார். கார் வாங்குவது சிரிக்கிற விஷயமா என்று என்னையே ஒருமுறை கேட்டார்.

நிறம் தெரிவு செய்ய மாஸ்டரிடம் ஒரு முறை இருந்தது. அதை வேறு எந்த ஊர்க் காட்சியறையிலும் நான் கேள்விப்பட்டதில்லை. கொப்பி அளவில் தகரத் தகடுகள் வெட்டி, விற்பனைக்கு இருக்கும் ஒவ்வொரு நிறத்தையும் அதே பெயின்றில் அடித்து வைத்திருந்தார். பக்கத்து அலுமாரியில் பன்னிரண்டு ஜாம் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஊர் மண். காத்தான்குடிக் கடற்கரை மணல், வவுணதீவுக் கிரவல், களுவாஞ்சிக்குடியின் தென்னந்தோட்டத்து மண், கிரான் வயலின் கறுத்தக் களி. வாடிக்கையாளர் வந்ததும் மாஸ்டர் நிறத்தைக் கேட்க மாட்டார். ஊரைக் கேட்பார். எந்த ரோட்டால் வீட்டுக்குப் போவீர்கள் என்று கேட்பார். பிறகு அந்த ஊர்ப் போத்தலைத் திறந்து, எனாமல் கோப்பையில் ஒரு கரண்டி மண்ணும் இரண்டு கரண்டித் தண்ணீரும் விட்டுக் கலக்குவார். கையால் தடவ விட மாட்டார். ரயர் எப்படி அடிக்குமோ அப்படித் தூரிகையை விரலால் சுண்டித் தெறிக்க விட வேண்டும். கால் மணி நேரம் வெயிலில் காய வேண்டும். காய்ந்த தகடுகளை மதிலோடு வரிசையாகச் சாத்தி வைத்துவிட்டு, வாடிக்கையாளரை இருபது அடி தள்ளிக் கூட்டிப் போய் ஒரே கேள்விதான் கேட்பார்: எது ஊத்தையாத் தெரியுது?

அவர் காட்டுகிற தகடு வரிசையிலிருந்து எடுக்கப்படும். மறுபடியும் அதே கேள்வி. கடைசியில் எது மிஞ்சுகிறதோ அதுதான் அவருடைய கார். அப்படி வாங்கியவர்கள் பத்து வருடம் கழித்துக்கூட வந்து கை குலுக்கியிருக்கிறார்கள். எங்கள் நாட்டில் அரைவாசி வருடம் புழுதி, அரைவாசி வருடம் சேறு. அது தெரியாத கார் எப்போதும் புதுக் கார்தான்.

மாஸ்டரின் இரண்டாவது முறை காகிதம் பற்றியது. அது யுத்த காலத்தில் பிறந்தது. கம்பனி ஒவ்வொரு நிறத்துக்கும் முழ நீளத்தில் ஒரு பெயர் வைத்திருக்கும். ஏறாவூர் வியாபாரி ஒருவருடைய பதிவுப் பத்திரத்தில் அந்தப் பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டோம். ஒரு சோதனைச்சாவடியில் நின்ற சிப்பாய்க்கு அது என்ன நிறமென்று விளங்கவில்லை. காட்சியறைக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார்கள். எங்கள் பையன்களில் ஒருவன் காரை மனதில் நினைத்துப் பார்த்து, பச்சை மாதிரி ஒரு சாம்பல் என்று சொல்லிவிட்டான். பத்திரம் ஒன்று சொல்கிறது, கடை வேறொன்று சொல்கிறது. அந்த வியாபாரி மூன்று நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார். வந்தபோது அவரால் நேராக உட்கார முடியவில்லை.

அன்றிலிருந்து எங்கள் படிவங்களில் ஐந்தே நிறங்கள்: வெள்ளை, கறுப்பு, சிவப்பு, நீலம், சில்வர். மினுங்கினால் சில்வர். எந்தச் சிப்பாய்க்கும் விளங்கும். யாராவது தொலைபேசியில் நிறம் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று மாஸ்டர் எங்கள் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"கோப்பைப் பாருங்க. அதில உள்ளதச் சொல்லுங்க. காரை நினைக்க வேணாம்."

ஏன் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்கவும் கூடாது. அந்தக் காலத்தில் அப்படிக் கேட்டவன் தானும் மாட்டிக்கொள்வான். மாஸ்டர் பிறகு பிள்ளைகளோடு அவுஸ்திரேலியா போய்விட்டார். யுத்தம் முடிந்தது. சாவடிகள் போயின. படிவத்தில் அந்த ஐந்து நிறங்களும், என் தலைக்குள் அந்தக் கட்டளையும் அப்படியே கிடந்தன.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

இறக்குமதி நிற்பதற்கு முந்திய வருடம், ஒரு பங்குனி மாதக் காலையில் கிரானிலிருந்து சாமித்தம்பி அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளாமை செய்கிற மனிதர். கிரான் பாலத்துக்கு அப்பால் விரிந்து கிடக்கும் வயல்வெளி வட்டையில் அவருக்கு வயல், அதற்குள்ளேயே மேட்டில் ஒரு வாடி, காவல் குடிசை. வெள்ளாமைக் காலம் முழுக்க அந்த வாடியில்தான் படுப்பார். மகள் சுகந்தினி வந்தாறுமூலையில் இரசாயனவியல் படிப்பிக்கிறவள். அந்தக் குடும்பத்தில் முதல் கார். காசு மகளுடையது. ஆனால் நிறத்தை அப்பாதான் சொல்ல வேண்டும் என்று அவள் வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

அப்பா செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். எல்லாக் கார்களையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, சிவப்பு ஒன்றின் முன்னால் போய் நின்றார். ஏன் அண்ணே சிவப்பு என்று கேட்டேன்.

"புள்ள சனிக்கிழமையில வயலுக்குச் சோறு கொண்டு வாறவ. வட்டைக்குள்ள நிண்டு பாத்தா அவ வாறது தூரத்திலயே தெரியோணும் தம்பி. அவ்வளவுதான்."

இதைவிட நல்ல காரணம் ஒன்றை முப்பத்தொரு வருடத்தில் எந்த வாடிக்கையாளரும் எனக்குச் சொன்னதில்லை. இன்று எனக்கு அது தெரிகிறது. அன்று நான் சிரித்தேன். கோயில் தேருக்குத்தான் அண்ணே சிவப்பு என்று பகிடி விட்டேன். மகளும் சிரித்தாள். பிறகு மாஸ்டருடைய முறையை மாஸ்டரைவிட ஆடம்பரமாக நடத்திக் காட்டினேன். கிரான் போத்தலைத் திறந்து, கலக்கி, சுண்டி, காய வைத்து, மதிலோடு வரிசையாகச் சாத்தினேன். காய்ந்த கிரான் களி மங்கிய மண்ணிறமாக இருக்கும். சிவப்புத் தகடு அம்மை போட்ட முகமாகத் தெரிந்தது. வெள்ளையும் அப்படித்தான். ஒவ்வொன்றாக எடுத்தேன். கடைசியில் மிஞ்சியது மண்ணிறத்தில் இலேசாக மினுங்குகிற ஒரு தகடு. தகடும் அதன் மேலிருந்த சேறும் பின்னாலிருந்த புழுதி படிந்த மதிலும் ஒரே நிறம்.

"தகட்டையே காணல்லையே தம்பி" என்றார் சாமித்தம்பி அண்ணன்.

அதுதான் அண்ணே விஷயம் என்று சொன்னேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்பது இன்னும் என் காதில் கிடக்கிறது. அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு என்னுடைய விளக்கம் பிடித்திருந்தது, படித்தவள் அல்லவா, சோதனை செய்து காட்டினால் நம்பிவிடுவாள். சரி, தெரிஞ்சவர் சொல்றாரு என்று அவர் விட்டுக் கொடுத்தார். பதிவுப் படிவத்தை நானே நிரப்பினேன். நிறம் என்ற இடத்தில் சில்வர் என்று எழுதினேன். மினுங்கியது.

அந்த வருட மாரியில் வெள்ளம் வந்தது. எங்களுக்கு வெள்ளம் புதிதல்ல, கார்த்திகை மார்கழியில் வராவிட்டால்தான் ஆச்சரியம். அன்று காலை நான் காட்சியறைக்கு வந்தபோது முற்றத்தில் முழங்கால் தண்ணீர். கார்களை மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். பத்தரை மணி போல அலுவலகத் தொலைபேசி அடித்தது. ஈரக் கையோடு ஓடிப்போய் எடுத்தேன். பொலிஸ் என்று சொல்லி ஒரு குரல் வாகன இலக்கத்தைத் தந்து நிறத்தைக் கேட்டது. வேறு எதுவும் சொல்லவில்லை.

நான் அலுமாரியைத் திறந்து கோப்பை எடுத்தேன். மேலே சுகந்தினியின் பெயர் இருந்தது. பெயரைப் பார்த்தேன். எங்கோ பிள்ளையை மறித்து வைத்திருக்கிறார்கள், பத்திரத்தோடு பொருந்தாமல் எதையாவது சொல்லி அவளை வம்பில் மாட்டிவிடக் கூடாது என்றுதான் நினைத்தேன். சில்வர் என்று சொன்னேன். குரல் நன்றி சொல்லி வைத்துவிட்டது. பிள்ளைக்கு ஓர் உதவி செய்துவிட்ட திருப்தியோடு மறுபடி முற்றத்துக்கு இறங்கினேன். இதை நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அந்த நேரம் எனக்கு உண்மையாகவே திருப்தியாக இருந்தது.

பின்னேரம் நாலு மணிக்கு மேல் கிரான் பக்கமிருந்து வந்த ஒருவர் சொல்லித்தான் தெரியும். வட்டைக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று கேள்விப்பட்டு, வாடியில் இருந்த அப்பாவை ஏற்றி வருவதற்காக சுகந்தினி விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். போனவள் வாடிக்குப் போய்ச் சேரவில்லை, கைத்தொலைபேசியும் எடுபடவில்லை. அழுகைக்குள் தாயால் பொலிசில் இலக்கத்தையும் கார் வாங்கிய கடையையும்தான் சொல்ல முடிந்திருக்கிறது, நிறம் கேட்டு எனக்கு எடுத்திருக்கிறார்கள். காலையிலிருந்து தோணிகள் ஒரு சில்வர் காரைத் தேடிக்கொண்டிருந்தன.

நான் தொலைபேசியை எடுத்தேன். இணைப்புக் கிடைக்கவில்லை. மறுபடி எடுத்தேன். கிடைத்தபோது ஆறு மணியாகப் போகிறது. அது சில்வர் இல்லை, மண்ணிறம் என்றேன். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாக எழுதிக்கொண்டார். தோணிகள் கரைக்கு வந்துவிட்டன, காலையில் சொல்கிறோம் என்றார்.

காலையில் தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் கார் தானாகவே தெரிந்தது. ரோட்டிலிருந்து நூற்றைம்பது மீற்றர் தள்ளி, ஒரு மருத மரத்தில் பக்கவாட்டாகச் சாய்ந்து கிடந்தது. ஒரு பக்கக் கதவுகளை மரம் அடைத்துவிட்டது. மறுபக்கத்தில் தண்ணீரும் சேறும். மின்சாரக் கண்ணாடிகள் இறங்கவில்லை. அவள் பின் ஆசனத்தில் இருந்தாள்.

மரண விசாரணைக்கு நான் போனேன். யாரும் கூப்பிடவில்லை, பின்வாங்கில் போய் உட்கார்ந்தேன். ஓட்டமாவடியிலிருந்து தன் தோணியோடு உதவிக்கு வந்திருந்த அசனார் என்ற மீனவர் சாட்சி சொன்னார். அறுபது வயதிருக்கும். தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"ரெண்டு மணி போல அந்த மரத்தடியால போனம் ஐயா. தண்ணிக்கு மேல ஒரு சாண் தெரிஞ்சது. எருமை ஒண்டு செத்துக் கிடக்கு எண்டு நினைச்சிட்டம். வெள்ளிக் கார்தானே தேடச் சொன்னவங்க."

தண்ணீர் இரண்டாம் தரம் ஏறியது பின்னேரத்தில்தான். அதற்குப் பிறகுதான் அவள் இறந்திருக்கிறாள் என்று வைத்தியர் சொன்னார். பத்திரத்தில் உள்ளபடி வாகனத்தின் நிறம் அறிவிக்கப்பட்டது என்று எழுதினார்கள். யார் அறிவித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் எழும்பவில்லை. அசனார் வெளியே வந்து மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவரைக் கடந்து போனேன். அந்த மனிதரிடம் நின்று, பிழை உங்களுடையது இல்லை காக்கா என்று அண்ணன் முறை வைத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல மற்றதையும் சொல்ல வேண்டும். அதனால் சொல்லவில்லை.

செத்த வீட்டில் சாமித்தம்பி அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அன்று முழுக்க வாடி மேட்டில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கார் வருவது தெரியவில்லையாம். நிறம் சொன்னவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறோம் என்று அவர் நினைக்கவே இல்லை. விதி என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

அடுத்த கிழமை ஜாம் போத்தல்கள் பன்னிரண்டையும் மண்வெட்டியால் உடைத்துப் புதைத்தேன். படிவத்தில் முழுப் பெயரை எழுதச் சொல்லிச் சண்டை பிடித்து மாற்றினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பிறகு இறக்குமதி நின்றது, நானும் ஓய்வு பெற்றேன். கல்லடியில் வீட்டில் இருந்துகொண்டு, பாலத்தால் போகும் கார்களை மண்ணிறம், மண்ணிறமல்லாதது என்று இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதே என் வேலையாகப் போயிற்று. மாஸ்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய இரண்டு முறைகளும் எத்தனையோ பேரைக் காப்பாற்றியவை. என்ன வேலைக்காக அவற்றைச் செய்கிறோம் என்று நினைத்துப் பார்க்க வேண்டிய பொறுப்பு என்னுடையதாக இருந்தது.

முகாமையாளர் என்னை எழுதச் சொல்லிக் கேட்ட அடுத்த ஞாயிறு, வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். சாமித்தம்பி அண்ணனும் மகன் குகனும். குகன் களுவாஞ்சிக்குடியில் ஆசிரியர். அவருக்குக் கார் வாங்கப் போகிறார்களாம். தெரிந்தவர் இருக்கும்போது வேறு யாரிடம் கேட்பது என்று அப்பா சொன்னாராம். அண்ணனுக்கு வயது போய்விட்டது, குகன் கையைப் பிடித்துத்தான் படியேறினார். செருப்பை அன்றும் வெளியே கழற்றினார். மனைவி தேநீர் கொண்டு வந்து வைத்தாள்.

சிவப்பு வாங்குங்கள் என்று நான் சொன்னேன். வேறு எதையும் சொல்ல எனக்கு வரவில்லை. அவர் கையை ஆட்டி மறுத்தார்.

"எனக்கு இப்ப தூரம் தெரியுதில்ல தம்பி. இனிச் சிவப்பு என்னத்துக்கு? நீங்க அண்டைக்குச் சொன்ன மாதிரி சேறு தெரியாத நிறமாப் பாருங்க."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்குப் பொலிசுக்கு சில்வர் என்று சொன்னது நான்தான் என்று சொன்னேன். படிவத்தில் எழுதியதும் நான், தொலைபேசியில் வாசித்ததும் நான், கோப்பில் பிள்ளையின் பெயரைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். குகன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அண்ணன்தான் கேட்டார்.

"எத்தின மணிக்குக் கேட்டவங்க?"

பத்தரை போல என்றேன்.

"தோணி அதால போனது ரெண்டு மணிக்கு" என்றார். விரலை மடிக்கவில்லை, ஆனால் எண்ணுகிறார் என்று தெரிந்தது. பிறகு கேட்டார்: "புள்ள எங்க எண்டு நீங்க கேக்கல்லயா தம்பி?"

கேட்கவில்லை என்றேன்.

அவர் தேநீரைத் தொடவில்லை. போவம் என்று மகனிடம் சொன்னார். வாசலில் செருப்பைக் காலால் தேடினார். நான் குனிந்து எடுத்து வைக்கப் போனேன். அதற்குள் குகன் எடுத்து வைத்துவிட்டார்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். நான் அதை எதிர்பார்த்துத்தான் இத்தனை வருடம் இருந்தேன். மறுநாள் காலையில் குகன் தொலைபேசி எடுத்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"நிறத்த நாங்களே பாத்துக்கிறமாம் ஐயா. அப்பா சொல்லச் சொன்னாரு."

என்ன நிறம் எடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.